கவுன்டரின் இரண்டு பக்கமும்: டிராக்டர் விற்பனை நிலையங்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

பண்ணை இயந்திரம் வாங்கியவர்களும், அவற்றை விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்களும் எழுதிய கேள்விகள் இந்த முறை சேர்ந்தே வருகின்றன. கடையில் வேலை செய்பவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டோம்.

கேள்வி: “50 ஹெச்.பி. வண்டி, இந்த ரோட்டவேட்டரைத் தாராளமாக ஓட்டும்” என்று சொல்லி விற்றார்கள். ஈர மண்ணில் இறக்கினால் என்ஜின் திணறுகிறது. விற்பனையாளர் பொய் சொல்லிவிட்டாரா?

பதில்: 50 என்ற எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் என்ஜினின் திறன். கியர்பாக்ஸைக் கடந்து, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது அதில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது 42 முதல் 45 ஹெச்.பி. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவது இந்தச் சின்ன எண்தான். “பி.டி.ஓ.வில் எத்தனை ஹெச்.பி.? என்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வருகிறது?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். விவரம் தெரிந்த விற்பனையாளர் கையேட்டைப் பிரித்துக் காட்டுவார். தெரியாதவர் “பயப்படாதீங்க, இழுக்கும்” என்பார்.

தூக்குதிறனிலும் இதே குழப்பம் உண்டு. 1,800 கிலோ தூக்கும் என்று போட்டிருந்தால், அதை லோயர் லிங்க்கின் (கருவியை மாட்டும் கீழ்க் கைகள்) பந்து முனையில் அளந்தார்களா, அதற்கு 610 மி.மீ. பின்னால் அளந்தார்களா என்று கேளுங்கள். கருவியின் எடை பந்து முனையிலேயே உட்காருவதில்லை. பின்னால் தள்ளித்தான் இருக்கும். அதனால் 610 மி.மீ. தூரத்தில் அளந்த குறைவான எண்ணே உங்கள் வயலுக்குப் பக்கத்தில் வரும். ஹைட்ராலிக் தூக்கிவிட்டாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது. கருவி மேலே இருக்கும்போது முன் அச்சில், வெறும் டிராக்டரின் எடையில் 20 சதவீதமாவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. முன் வெயிட் போடச் சொல்லி விற்பனையாளரே முதலில் வாய் திறந்தால், அவர் உங்கள் உயிரைப் பற்றியும் யோசிக்கிறார் என்று பொருள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1919-இல் டிராக்டர் சோதனைச் சட்டம் வந்ததே இப்படிப்பட்ட வாய்வார்த்தைகளால்தான். விளம்பரத்தை நம்பி டிராக்டர் வாங்கிப் படாதபாடு பட்ட வில்மட் குரோசியர் என்ற விவசாயி, சட்டமன்ற உறுப்பினரானதும் அதைக் கொண்டுவந்தார். சொல்லும் திறனைப் பல்கலைக்கழகச் சோதனையில் நிரூபித்தால்தான் விற்கலாம், உதிரி பாகங்களையும் மாநிலத்துக்குள் இருப்பு வைக்க வேண்டும் என்றது சட்டம். 1920-இல் சோதனைகள் தொடங்கின. இன்றும் நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்கலாம். அதில் எழுதியிருப்பது யாருடைய கமிஷனையும் பொறுத்து மாறாது.

கேள்வி: பழைய டிராக்டர் விற்பனையில் இருக்கிறேன். “வாடிக்கையாளர் கேட்காத குறையை நீயாகச் சொல்லாதே” என்பது முதலாளியின் உத்தரவு. பொய் சொல்லச் சொல்லவில்லை, வாயை மூடத்தான் சொல்கிறார். ஆனால் மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அந்த உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் உங்களால் அதை மாற்ற முடியாது. பெரும்பாலும் அது எக்ஸ்சேஞ்ச் எடுத்த அன்றே பிறந்துவிடுகிறது.

ஒரு பழைய வண்டியின் உண்மையான மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். புது வண்டியை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று அதற்கு 120 கொடுத்து எடுக்கிறார்கள். கிளட்ச்சும் ஹைட்ராலிக் பம்ப்பும் சரிசெய்ய 15 ஆகும். கணக்குப் புத்தகத்தில் அந்த வண்டி இப்போது 135-இல் நிற்கிறது. சந்தையில் அதற்கு 115 கிடைத்தாலே பெரிது. இந்த 20-ஐ எங்கே பிடிப்பது? ஒன்று, ரிப்பேரை அரைகுறையாக முடிப்பார்கள். அல்லது குறையைச் சொல்லாமல் விற்பார்கள். புது வண்டி விற்றவர் அதற்குள் கமிஷனை வாங்கிப் போயிருப்பார். பழையதை விற்கும் நீங்கள்தான் வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க வேண்டும்.

இதற்கு வழி உண்டு. மதிப்புக்கு மேல் கொடுத்த 20-ஐப் புது வண்டியின் தள்ளுபடியாக அன்றே எழுதிவிட வேண்டும். பழைய வண்டி 100-க்குத்தான் இருப்பில் ஏற வேண்டும். கமிஷனையும் அந்தத் தள்ளுபடி போக மிஞ்சும் லாபத்தில்தான் கணக்கிட வேண்டும். இப்படிச் செய்தால் அதிக விலை சொல்லி எடுத்தவருக்கே வலிக்கும், அடுத்த முறை எடுக்கும்முன் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்ப்பார். முதலாளியிடம் “நேர்மையாக இருப்போம்” என்று பேசிப் பார்ப்பதைவிட இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணக்குப் புரிந்தால் அந்த உத்தரவு தானாகத் தளரும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒரு தாள். ஒவ்வொரு பழைய வண்டிக்கும் நிலைக் குறிப்பு எழுதி, வண்டியிலேயே தொங்கவிடுங்கள்: பார்த்தது, பார்க்காதது, தெரிந்த குறை. “கியர்பாக்ஸ் திறந்து பார்க்கவில்லை”, “லிஃப்ட் தூக்கி நிறுத்தினால் 10 நிமிடத்தில் ஒரு சாண் இறங்குகிறது” என்கிற மாதிரி, அளந்ததை அளந்தபடி. “நல்ல கண்டிஷன்” என்ற சொல்லே அதில் வரக்கூடாது. தாள் பேசும்போது நீங்கள் யாரையும் மீறிப் பேசியதாகாது. குறை தெரிந்து வாங்கினவர் பேரம் பேசுவார், திரும்பி வந்து சண்டை போட மாட்டார். இதையும் தடுத்தால், வாடிக்கையாளர் நேராகக் கேட்கும் கேள்விக்குப் பாதி பதில் மட்டும் சொல்லாதீர்கள். “ஆயில் மாற்றியாச்சு” என்பது உண்மையாக இருக்கலாம். பழைய ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல வந்ததை மறைக்கத்தான் மாற்றினார்கள் என்றால், அந்த உண்மை பொய்யைவிட மோசம்.

கேள்வி: ஹவர் மீட்டர் 1,800 காட்டும் டிராக்டர் பார்த்திருக்கிறேன். மீட்டரை நம்பலாமா?

பதில்: என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது ஹவர் மீட்டர். முதலில் எந்த வகை மீட்டர் என்று பாருங்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் என்ஜின் சுற்றை எண்ணுகிறது. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் அதன் ஒரு மணி, கடிகாரத்தின் ஒரு மணி. குறைந்த சுற்றில் ஓடியே காலம் தள்ளிய வண்டியில் 1,800 என்பது கடிகாரப்படி அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். யாரும் மீட்டரைத் தொடாமலே இப்படி நடக்கும். எலக்ட்ரானிக் என்ஜின் என்றால், டேஷ்போர்டைக் கழற்றி வேறு மாட்டினாலும் என்ஜின் கன்ட்ரோல் யூனிட்டில் தனியாக மணிக்கணக்கு இருக்கும். சர்வீஸ் லேப்டாப்பை மாட்டி அதைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு தகவல்தான்.

பிறகு இரும்பைப் பாருங்கள். பி.டி.ஓ. தண்டின் பற்களை விரலால் தடவுங்கள். புதிதில் மேல்பக்கம் தட்டையாக இருக்கும், ரொம்ப உழைத்ததில் விளிம்பு தேய்ந்து கூராகியிருக்கும். டிரெய்லர் மாட்டும் டிராபாரில் ஆணி செருகும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாக இழுத்திருக்கிறதா? கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஒரு மூலை மட்டும் கரைந்திருக்கிறதா? பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக, பெடலின் இரும்பு தேய்ந்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. வண்டியின் வயதோடு ஒத்துப்போகாவிட்டால் டயர் மாற்றியிருக்கிறார்கள். 1,800 மணிக்குள் ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

போவதற்கு முன் போன் செய்து, “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்: ஸ்டார்ட் ஆக எடுக்கும் நேரம், வெள்ளைப் புகை எத்தனை நேரம் நிற்கிறது, பிரீதரில் (என்ஜினின் மூச்சுக்குழாய்) எவ்வளவு காற்று தள்ளுகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். ஆயில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது மிக நல்ல பழக்கம். அதில் சிலிக்கான் அதிகம் வந்தால் தூசி உள்ளே போகிறது, சோடியமோ பொட்டாசியமோ வந்தால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் நேற்று மாற்றிய ஆயிலில் சோதனை ஒன்றையும் சொல்லாது.

கேள்வி: மெக்கானிக்காக இருக்கிறேன். ஓட்டுநரின் தவறால் எரிந்த கிளட்ச்சை “தயாரிப்புக் குறை” என்று எழுதி வாரண்டி கேட்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளருக்கு நல்லதுதானே என்று சமாதானம் சொல்கிறார்கள்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். வாரண்டி கணக்குகளைத் தயாரிப்பு நிறுவனம் தணிக்கை செய்யும். பழுதான பாகத்தையும் ஜாப் கார்டையும் (வேலைப் பதிவுத் தாள்) பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாத பணத்தை டீலரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அன்றைக்குக் கார்டில் இருக்கும் பெயர் உங்களுடையது.

ஜாப் கார்டில் மூன்று விஷயம் தனித்தனியாக வர வேண்டும்: வாடிக்கையாளர் சொன்ன புகார் அவர் வார்த்தையில், நீங்கள் கண்ட காரணம், நீங்கள் செய்த வேலை. காரணத்தில் முடிவைவிட, கண்ணால் கண்டது முக்கியம். “ஓட்டுநர் தவறு” என்று எழுதாதீர்கள். அதுவும் ஊகம்தான். “பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருக்கிறது, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு, லைனிங் ரிவெட் வரை தேய்ந்துவிட்டது, பெடல் ஃப்ரீ பிளே இத்தனை மி.மீ.” என்று எழுதுங்கள். ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் பிடிக்கும்முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இல்லாமல் இருந்தால், பெடலில் காலை வைத்தே ஓட்டியதாலா, கடைசி சர்வீஸில் உங்கள் ஒர்க்‌ஷாப்பே சரியாக வைக்காததாலா என்ற கேள்வியும் வரும். அது வரட்டும். ஹவர் மீட்டரோடு சேர்த்து போட்டோ எடுங்கள். பழைய பாகத்தைக் கழுவாமல், வண்டி எண் கட்டி வையுங்கள். ஏர் ஃபில்டர் பழுது என்றால் ஃபில்டருக்கு அப்புறம் உள்ள ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் போட்டோ எடுத்தால் போதும். தூசி அங்கே வரை வந்திருந்தால் அதற்கு மேல் விவாதம் இல்லை.

வாடிக்கையாளருக்கு உதவ நேர்வழியும் இருக்கிறது. வாரண்டிக்குள் வராத செலவில் ஒரு பகுதியை நல்லெண்ண அடிப்படையில் ஏற்கும்படி பல நிறுவனங்களிடம் கேட்க முடியும். உண்மையான காரணத்தை எழுதி, தவறாமல் சர்வீஸ் செய்த ரசீதுகளை இணைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அவருக்கு லாபம், கிடைக்காவிட்டாலும் உங்கள் அடுத்த க்ளெய்மை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கேள்வி: ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருக்கிறேன். இதே பேரிங் வெளியிலும் கிடைக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், சரியாகச் சொல்ல வேண்டும். 6205 என்று பொறித்த பேரிங் எங்கே வாங்கினாலும் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ.தான். ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டுவிடக் கூடாது. சி3 என்றிருந்தால் உள் இடைவெளி கூடுதல். சூடாகும் இடத்தில் அது இல்லாததைப் போட்டால் இறுகிப் போகும். ஆயில் சீலிலும் 35×52×7 என்று அளவு அச்சாகியிருக்கும். அளவு பொருந்தினால் மட்டும் போதாது, ரப்பர் வகையும் பொருந்த வேண்டும்.

வெளியில் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய பாகங்களும் உண்டு. ஹைட்ராலிக் ஃபில்டர் அதில் முதல். மரை ஒன்றாகவே இருக்கும், கையால் திருகினால் அழகாக உட்காரும். உள்ளே ஆயிலை வடிகட்டாமல் விடும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும், எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற மைக்ரான் அளவும் வேறாக இருந்தால், அழுக்கு வடியாமலே பம்ப்புக்குப் போகும். ஷீர் போல்ட்டும் அப்படித்தான். அது உடைவதற்காகவே போட்டது. “இது அடிக்கடி உடையுது, கெட்டியா ஒண்ணு கொடுங்க” என்று கேட்பவருக்கு உயர்ந்த கிரேடு போல்ட்டைக் கொடுத்தால், அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ். வெளியில் வாங்கலாம் என்று பேரிங்குக்குச் சொன்னவர் ஃபில்டருக்கு வேண்டாம் என்று சொல்லும்போது, வாடிக்கையாளர் அதைக் காதில் வாங்குவார்.

கேள்வி: புது டிராக்டர் எடுத்தேன். ஆனால் வாரண்டி நான் வாங்குவதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட்டதாகப் பதிவில் இருக்கிறது. எப்படி?

பதில்: டீலர் பெரும்பாலும் வண்டியைக் கடனில்தான் இருப்பு வைப்பார். வட்டியில்லாக் காலம் முடிவதற்குள் விற்க வேண்டும், மாத இலக்கையும் எட்ட வேண்டும். அந்த நெருக்கடியில் விற்காத வண்டியை விற்றதாகப் பதிந்துவிடுவது நடக்கிறது. பதிந்த நாளில் வாரண்டிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். டெமோ வண்டியாக ஓடியிருந்தாலும் இப்படி ஆகலாம். டெமோ வண்டி வாங்குவதில் தப்பில்லை, அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றிருக்க வேண்டும்.

டெலிவரி நாளைக் காட்டும் ரசீது, அன்றைய ஹவர் மீட்டர் போட்டோ, சேஸிஸ் எண் மூன்றையும் வைத்து டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். தேதியைத் திருத்துவது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. வாய்மொழியாக “பார்த்துக்கலாம்” என்பதை ஏற்காதீர்கள். கூடவே, அந்தச் சேஸிஸ் எண் மீது கடன் கொடுத்தவரின் உரிமை நீங்கிவிட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். விற்ற பணத்தை டீலர் கடன்காரருக்குக் கட்டாமல் வேறு செலவுக்குத் திருப்பியிருந்தால், முழுப் பணம் கொடுத்த நீங்கள்தான் சிக்கலில் மாட்டுவீர்கள்.

கேள்வி: பில்லில் 6 மணி நேர லேபர். மெக்கானிக்கோ 4 மணி நேரத்தில் முடித்ததாகச் சொல்கிறார்.

பதில்: குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட நேரம் என்று அட்டவணை வைத்துப் பில் போடுவது ஏமாற்று இல்லை. 9 மணி நேரம் இழுத்தாலும் அதே 6-தான் வர வேண்டும், அதுதான் நிபந்தனை. வேலை தொடங்கும்முன் அட்டவணை நேரமா, கடிகார நேரமா என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம் தனி வரியாக வர வேண்டும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வேலையாட்கள் செய்த தவறை மறைக்கிறார்கள். வண்டி திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது.

பதில்: திரும்பி வரும் வேலைக்குச் சம்பளத்தில் பிடிக்கிறீர்களா? அப்படியானால் மறைப்பதற்கு நீங்களே காசு கொடுக்கிறீர்கள். அந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள். திரும்பிய வேலைக்குத் தனிக் கணக்கு எண் கொடுத்து, அந்த நேரத்தை ஒர்க்‌ஷாப் செலவில் எழுதுங்கள். வண்டி வெளியே போகும்முன் தானாக வந்து சொன்ன தவறையும், வாடிக்கையாளர் கண்டுபிடித்த தவறையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதல் எண் ஏறினால் கவலை வேண்டாம், அது நல்ல அறிகுறி.

டெலிவரிக்கு முந்தைய சோதனையில்தான் இது அதிகம் உதவும். ரோட்டவேட்டர், புல்வெட்டிகளின் கியர்பாக்ஸ் பல நேரம் ஆயில் இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வரும். நிரப்ப மறந்து 540-இல் சுற்றினால் கியரும் பேரிங்கும் அன்றே போய்விடும். “அண்ணே, ஆயில் ஊத்தினேனான்னு ஞாபகம் இல்லை” என்று ஒரு பையன் பயமில்லாமல் சொல்ல முடிந்தால் அந்த கியர்பாக்ஸ் பிழைக்கும். நினைவை நம்பாமல் இருக்க, இறக்கும்போதே பி.டி.ஓ. தண்டில் “ஆயில் இல்லை” என்று சிவப்பு அட்டை கட்டுங்கள். ஊற்றியவர் மட்டும் அவிழ்த்து, கையெழுத்திட்டு ஜாப் கார்டில் குத்தட்டும். பி.டி.ஓ. ஷாஃப்டின் நீளத்தையும் மாட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். லிஃப்டை ஏற்றி இறக்கி, ஷாஃப்ட் மிகக் குறுகும் நிலையிலும் குழாய்களுக்கு உள்ளே 25 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும். இடம் இல்லாமல் முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கியதோடு நிற்காமல், 10 மணி நேரம் ஓடியதும் மறுபடி முறுக்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவில் எத்தனை சதவீதத்தை ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸும் ஈட்டும் லாபம் தாங்குகிறது? அது 100-ஐ நெருங்கினால், புது வண்டி விற்காத மாதத்திலும் கடை நிற்கும், விற்பனையாளர் மேல் அழுத்தம் இருக்காது. 50-இல் கிடந்தால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் யாரோ ஒருவர் யாரிடமோ பொய் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: எலக்ட்ரானிக் என்ஜின் வண்டியில் சின்னப் பழுதுக்கும் டீலரின் லேப்டாப் வேண்டியிருக்கிறதாமே?

பதில்: மாடலுக்கு மாடல் வேறுபடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பண்ணை இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தேவையான கருவி, மென்பொருள், கையேடுகளை உரிமையாளருக்கும் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, வாங்கும்முன் சர்வீஸ் பக்கம் போய் மெக்கானிக்கிடமே கேளுங்கள்: ஃபால்ட் கோடை (பழுதைக் காட்டும் குறியீடு) டேஷ்போர்டில் படிக்க முடியுமா? இன்ஜெக்டரோ சென்சாரோ மாற்றினால் லேப்டாப்பில் பதிய வேண்டுமா? அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் லேப்டாப்போடு வர எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கேள்வி: ஷோரூமுக்குப் போனதும் முதலில் எங்கே நிற்க வேண்டும்?

பதில்: ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில். நீங்கள் வாங்க நினைக்கும் மாடலைச் சொல்லி, ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட் மூன்றும் இப்போது இருப்பில் இருக்கிறதா, எடுத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். போன பருவத்தில் எந்தப் பாகம் தீர்ந்து போனது, வர எத்தனை நாள் ஆனது என்றும் கேளுங்கள். அதற்கு நாளும் பாகமும் சொல்லிப் பதில் வந்தால் விற்பனையாளரைப் பார்க்க உள்ளே போகலாம்.